உத்தரவாதப் பத்திரமும் ஒரு வன்தட்டும்

வன்னியிலே வீட்டுக்கு ஒரு பை உண்டு. சில வீடுகளில் அது பிள்ளைகள் பாவித்துக் கழித்த புத்தகப் பை. சில வீடுகளில் தடித்த பொலித்தீன் உறை. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, விவாகப் பதிவுப் பத்திரம், பரீட்சைப் பெறுபேறுகள், வங்கிப் புத்தகம் ஆகிய யாவும் அதனுள்ளே இருக்கும். நள்ளிரவில் எழுந்து ஓட நேர்ந்தாலும் கைக்கு முதலில் அகப்படும் இடத்திலேயே அப்பை தொங்கும். 2009ஆம் ஆண்டு மே மாதத்தோடு போரும் ஓய்ந்தது, ஓட்டமும் ஓய்ந்தது. பை மட்டும் ஆணியை விட்டு இறங்கவில்லை. எமது வீட்டுப் பையிலே 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதிதாக ஒரு கடதாசியும் சேர்ந்துகொண்டது. அஃது ஒரு கணினியின் உத்தரவாதப் பத்திரம்.

காணி உறுதிக்கு அருகே கணினிக் கடதாசியா என நகைப்பவர் நகைக்கட்டும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, உள்ளங்கையளவான கைப்பேசித் திரையிலே மூன்று பிள்ளைகள் முட்டிமோதிப் பாடங் கேட்ட வீடுகளை நாம் அறிவோம். அன்று முதல் கணினி என்பது ஆடம்பரப் பொருள் என்ற எண்ணம் எம்மவரிடையே மெல்ல மெல்ல அகன்றது. எண்ணம் மாறிய வேளையிலோ விலையும் மாறிற்று. 2022ஆம் ஆண்டில் டொலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று 360 ரூபாவைத் தொட்டது. கடல் கடந்து வரும் பொருளாகிய கணினியின் விலை அதனோடு சேர்ந்து ஏறியதில் வியப்பில்லை. சீட்டுப் பிடித்தும் சிறுகச் சேர்த்தும் வாங்குகின்ற ஒரு பொருள், ஓராண்டு கழிந்த மறுநாளே படுத்துவிட்டால் என் செய்வது? இந்த அச்சத்தை அறிந்தே வணிகர் மற்றொரு பண்டத்தையும் விற்கின்றனர். அதன் பெயர் நீடித்த உத்தரவாதம்.

உற்பத்தியாளர் இனாமாகத் தருவது பெரும்பாலும் ஓராண்டு. அதன்மேல் இன்னும் இரண்டாண்டுக்கோ மூன்றாண்டுக்கோ பழுதைத் திருத்தித் தருவதாகக் கடைக்காரர் உறுதி கூறுவார். அவ்வுறுதிக்கு நாம் தனியே பணம் செலுத்த வேண்டும். உள்ளபடி நோக்கின் இது காப்புறுதியின் உடன்பிறப்பே. மின்னணுப் பொருள்களின் பழுதுகளைப் பற்றிப் பொறியியலார் ஒரு வளைகோடு வரைந்து காட்டுவர். குளிக்கும் தொட்டியைப் பக்கவாட்டில் நின்று நோக்கியது போல இருப்பதால் அதற்குக் குளியல் தொட்டி வளைவு என்றே பெயர். உற்பத்தியிலே குறையுள்ளவை தொடக்க மாதங்களிலேயே பழுதடைந்துவிடும். அது தொட்டியின் ஒரு விளிம்பு. தேய்ந்து கிழடு தட்டியவை பல்லாண்டு கழித்துப் பழுதடையும்; அது மறு விளிம்பு. நடுவே பழுதுகள் குறைந்து கிடக்கும் தட்டையான அடித்தளம். முதலாண்டு உத்தரவாதம் முதல் விளிம்பைத் தாங்குகிறது. நாம் பணங் கொடுத்து வாங்கும் இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளோ பெரும்பாலும் அந்த அடித்தளத்திலே அமைகின்றன. வணிகர் கணக்குத் தெரியாதவரல்லர். பிரித்தானியாவில் மின்சாதனங்களுக்கு இவ்வாறு விற்கப்படும் உத்தரவாதங்கள் குறித்து 2005ஆம் ஆண்டில் ஓர் ஆணையே பிறந்தது. வாங்கியவர் 45 நாட்களுக்குள் மனம் மாறினால் அவற்றை நீக்கிக்கொள்ளலாம் என்று அது விதித்தது. மேசையருகே நின்று அவசரத்தில் ஒப்பமிடுபவர் வீட்டுக்குச் சென்று ஆறுதலாகச் சிந்திக்கட்டும் என்பதே அதன் கருத்துப் போலும்.

இவற்றை அறிந்திருந்தும் நாம் பணங் கட்டினோம். வன்னியில் வாழ்பவருக்குத் தொட்டியின் அடித்தளம் அத்துணைத் தட்டையாக அமைவதில்லை என்பது எமது கணிப்பு.

கிளிநொச்சியும் முல்லைத்தீவும் 1990களிலே மின்வலையமைப்பின் தொடர்பே இன்றிக் கிடந்தவை. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எமது தலைமுறை. போருக்குப் பின்னர் கம்பங்கள் நட்டுக் கம்பிகள் இழுக்கப்பட்டன, வெளிச்சம் வந்தது. ஆயினும் ஐப்பசி பிறந்தால் மாலைதோறும் இடியும் மின்னலும் இறங்கும் வெளியான நிலம் இது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. மின்சாரம் போவதாற் கணினிக்கு வரும் கேட்டினும் அது திரும்பி வரும் கணத்தில் எழும் துள்ளலால் வரும் கேடே பெரிது என்பதை அந்நாட்களில் பலர் தம் பொருளை இழந்து கற்றனர். 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்தபோது, மேசைக்குக் கீழே இருந்த கணினிப் பெட்டிகள் எத்தனை சேற்றில் அமிழ்ந்தன என்பதற்குக் கணக்கெடுத்தவர் இல்லை. இவை போதாவென்று செம்மண் புழுதியும், எறும்பும், பல்லியும்.

இனி, உத்தரவாதப் பத்திரத்தின் பின்புறத்தைத் திருப்பி வாசித்துப் பாருங்கள். எரிந்த அடையாளம், துரு, உடைவு, மின்னல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, நீர், பூச்சி புழுக்கள், முத்திரை கிழிதல் ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்று எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் அச்சிட்டிருக்கும். வன்னியில் ஒரு கணினி எவ்வெக் காரணங்களாற் பழுதடையும் என்று ஒரு மாணவனிடம் வினவினால், அவன் எழுதும் விடைக்கும் இந்தப் பட்டியலுக்கும் வேற்றுமை அதிகம் இராது. நிலையான மின்சாரமும், குளிரூட்டிய அறையும், அடுத்த தெருவிலே திருத்தகமும் உள்ள ஒரு நகரத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட பத்திரம் அது.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஓராண்டு உத்தரவாதம் என்று எழுதிவிட்டு அதற்கருகே 350 நாட்கள் என்று குறிப்பிடும் வழக்கம் இலங்கைக் கணினிக் கடைகளிடையே பரவலாக உண்டு. ஆண்டுக்கு 365 நாளென்று வகுப்பறையிற் கற்பித்துப் பழகிய எமக்கு அந்தப் பதினைந்து நாள் எங்கே போயிற்று என்பது இன்றளவும் விளங்கவில்லை. மற்றையது பற்றுச்சீட்டு. மையில்லாது வெப்பத்தால் எழுத்துப் பதிக்கும் வழுவழுப்பான தாளிலேயே பல கடைகள் பற்றுச்சீட்டு வழங்குகின்றன. வன்னி வெயிலில் அத்தாள் ஓரிரு ஆண்டிற்குள் வெளிறி வெறுந்தாளாகிவிடும். மூன்றாண்டு உறுதிமொழியை ஓராண்டு வாழும் எழுத்தில் எழுதித் தருகிறார்கள். வாங்கிய அன்றே அதனைப் பிரதி எடுத்து வைத்தல் நன்று. எமது பையிலே இருந்ததும் அத்தகைய பிரதியே.

நிற்க. 2024ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஒரு மாலை, தூரத்தில் இடி முழங்கிக்கொண்டிருக்கையில், வீட்டு விளக்குகள் இருமுறை மங்கிப் பின் ஒளிர்ந்தன. கணினியினின்று ஒரு சிறு வெடிப்பொலி, பின்னர் தலைமயிர் கருகுவது போன்ற நாற்றம், பின்னர் ஒன்றுமில்லை. முதலாண்டு கழிந்து பத்து மாதங்கள் ஆகியிருந்தன. நாம் பணங் கொடுத்து வாங்கிய உத்தரவாதம் உயிரோடு இருந்தது.

கடையோ வவுனியாவில். கிளிநொச்சியிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீற்றர். ஒரு சனிக்கிழமை காலை, கணினிப் பெட்டியைப் பழைய சேலையொன்றிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். (பெட்டி முழுவதையும் சீ.பி.யூ. என்று அழைப்பது எமது ஊர் வழக்கு. பாடநூல் அவ்வாறு சொல்லாது. நடத்துநர் "சீ.பி.யூ.வுக்கும் ஒரு ரிக்கெற் எடுங்கோ சேர்" என்று பகிடி விட்டபோது திருத்தம் சொல்ல எமக்கு மனம் வரவில்லை.) முறிகண்டியிலே பஸ் நின்றது. ஏ9 வீதியால் ஓடும் வாகனங்கள் அங்கே பிள்ளையாரை வணங்காமற் செல்வது அரிது. சாரதி இறங்கித் தேங்காய் உடைத்தார். பயணிகள் கச்சான் வாங்கினர். வண்டி பழுதின்றி ஓட வேண்டுமென்பதற்காகச் சாரதிகள் தலைமுறை தலைமுறையாகப் புதுப்பித்து வரும் அந்த ஏற்பாட்டிலே பின்பக்கச் சிற்றெழுத்து எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

கடையில் இருந்த இளைஞர் பண்பானவர். பெட்டியைத் திறந்து, கைவிளக்கைப் பிடித்து, மின்வழங்கியின் துளைகளூடே நோக்கினார். நாமும் எட்டிப் பார்த்தோம். உள்ளே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. பஞ்சாங்கத்திலே பல்லி விழும் பலன் என்று தலை முதல் கால் வரை பிரித்து எழுதியிருப்பார்கள். மின்வழங்கியினுள் விழுந்தால் என்ன பலன் என்பதை நாம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கண்டிலோம். அன்று கண்டோம்.

"சேர், பவர் சப்ளையில எரிஞ்ச அடையாளம் இருக்கு. இதுக்கு வொறன்ரி இல்லை."

"மூன்று வருசத்துக்கெண்டு காசு கட்டியிருக்கிறம், தம்பி."

"அது சரி சேர். எரிஞ்சால், பூச்சி போனால், தண்ணி பட்டால் இல்லை. பின்னால எழுதியிருக்கு."

இடி காரணமா, மின்னழுத்தம் காரணமா, பல்லி காரணமா என்ற ஆராய்ச்சிக்கு அங்கே இடமிருக்கவில்லை. காரணம் யாதாயினும் அடையாளம் ஒன்றே. அடையாளம் இருந்தால் உத்தரவாதம் இல்லை. புதிய மின்வழங்கியை 9,500 ரூபா கொடுத்து வாங்கிப் பொருத்துவித்தோம். கணினி விழித்தது. ஆயினும் திரையிலே வன்தட்டைக் காணவில்லை என்ற செய்தி தோன்றிற்று. இளைஞர் வன்தட்டைக் கழற்றிக் காதருகே வைத்துப் பார்த்தார். அது சுழலவே இல்லை. திருப்பித் திருப்பி ஒளியிற் பிடித்துப் பார்த்தவர் முகம் மலர்ந்தார்.

"ஹாட் டிஸ்க்குக்குக் கிளெயிம் பண்ணலாம் சேர். இதில எரிஞ்ச அடையாளம் ஒண்டும் இல்லை. பழசைக் கொழும்புக்கு அனுப்பினால் ரெண்டு மூண்டு கிழமையில புதுசு தருவினம்."

"பழசில இருக்கிறது?"

"அது ஒண்டும் வராது சேர். இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

நீட்டிய படிவத்தில், வன்தட்டிலுள்ள தரவுகளுக்கு நிறுவனம் பொறுப்பன்று என்றும், மாற்றீடு வழங்கப்பட்டதும் பழைய உறுப்பு நிறுவனத்துக்கு உரித்தாகும் என்றும் எழுதப்பட்டிருந்தது.

இங்கே கடைக்காரர் மீது குறை கூறுதல் தகாது. உலகெங்கும் இதுவே வழமை. பழுதடைந்த உறுப்பைத் திரும்பப் பெற்றாலன்றி உற்பத்தியாளர் கடைக்கு மாற்றீடு வழங்கார். பழுதின் காரணத்தை ஆராயவும், செப்பனிட்டு மீளப் பயன்படுத்தவும், ஒரே உறுப்புக்கு இருமுறை உரிமை கோருவதைத் தடுக்கவும் அவர்களுக்கு அது வேண்டும். பழுதான வன்தட்டை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ள இடமளிக்கும் தனி ஏற்பாடொன்றை டெல், லெனோவா முதலிய பெரிய நிறுவனங்கள் மேலதிகக் கட்டணத்துக்கு விற்கின்றன. வங்கிகளும் அரச திணைக்களங்களும் தம் இரகசியங்கள் பிறர் கைக்குப் போகாதிருக்க அதனை வாங்குவர். வன்னியிலே ஒரு குடும்பம் அத்தகைய ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியதாக நாம் அறியோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கும் மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. விற்கும் பொருள் தகுந்த தரத்தில் இருத்தல் வேண்டும் என்ற நியதி இந்நாட்டில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்தே உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் முறையிட 13ஆம் பிரிவிலே வழி செய்துள்ளது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் முறைப்பாட்டை எழுத்து மூலம், பொருள் விற்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள் செய்தல் வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகின்றது. உத்தரவாதமோ மூன்று ஆண்டு! இருபத்திரண்டாம் மாதத்தில் கருகிய பல்லியை எடுத்துக்கொண்டு நாம் எங்கே செல்வது? மூன்றாண்டு உறுதிமொழிகளைக் கடைகள் தாராளமாக விற்கின்ற இக்காலத்தில் இந்தக் கால எல்லை மறு ஆய்வுக்கு உரியது என்பது எமது கருத்து.

முத்திரை விடயத்திலும் பிற நாடுகள் விழித்துக்கொண்டுள்ளன. முத்திரை கிழிந்தால் உத்தரவாதம் இரத்து என்ற பயமுறுத்தல் பொதுவாகச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று, 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிற்று. 1975ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட உத்தரவாதச் சட்டமொன்று அந்நாட்டில் இருப்பதே அதற்குத் துணை. எமது கையிலிருந்த வன்தட்டின் முத்திரைக்கு அத்தகைய துணை இருக்கவில்லை. வெளியே கொடுத்துத் திறப்பித்தால் இலவச மாற்றீடு கிடையாது. இலவச மாற்றீடு வேண்டின் உள்ளிருப்பது கிடையாது. இரண்டிலொன்று.

உள்ளே என்ன இருந்தது? தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல்கள் ஆகியவற்றுக்கு வேறு பிரதிகள் இருந்தன. அவை பற்றிக் கவலையில்லை. இருந்தது எமது தாயாரின் குரல். 2023ஆம் ஆண்டு விடுமுறை நாட்களில் எமது மகள், பாடசாலை ஒப்படை ஒன்றுக்காக, அப்பாச்சியைக் கதைக்க வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினாள். ஒப்படைக்கு இரண்டு பக்கம் போதும். ஆனால் தாயார் கதைக்கத் தொடங்கியபின் நிறுத்தவில்லை. மகளும் நிறுத்த விடவில்லை. பதினேழு பதிவுகள், ஆறு மணித்தியாலத்துக்கு மேல். தமது தகப்பனார் விதைத்த மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் நெல்லினங்களைப் பற்றி. இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளில் பிள்ளைகள் தண்ணீரோடு போட்டியிட்டு ஓடியதைப் பற்றி. பின்னர், யாரும் கேளாமலே, 2008ஆம் ஆண்டு இறுதியிலிருந்து நாம் இடம்பெயர்ந்த வழியைப் பற்றி. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், தேவிபுரம், புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நாள், எந்த மரத்தடி, யார் வீட்டுக் கிணறு, யாரை அங்கே விட்டுவந்தோம் என்பதை அவர் மாலை கட்டுவது போல வரிசை தவறாமற் சொல்லியிருந்தார். கூடவே நடந்த எமக்கு அந்த வரிசை நினைவில்லை. 2024ஆம் ஆண்டு சித்திரையில் அவர் காலமானார். பதிவுகளில் மூன்று மகளின் கைப்பேசியிலும் இருந்தன. எஞ்சிய பதினான்கும் அந்த வன்தட்டில் மாத்திரமே.

அந்த வழியிலே எமது குடும்பம் இழந்த பொருள்களுக்குக் கணக்கில்லை. நிழற்படங்கள் அனைத்தும் போயின. தாயாரின் இளமைக்கால முகத்தைக் காட்டும் ஒரு படமேனும் எம்மிடம் இன்று இல்லை. வன்னியில் இது புதுமையான செய்தி அன்று. பல வீடுகளின் சுவர்களில் 2009ஆம் ஆண்டுக்கு முற்பட்ட படம் ஒன்றும் தொங்குவதில்லை.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து விடயத்தைச் சொன்னோம். எமது இல்லாள் நீண்ட நேரம் யோசிக்கவில்லை.

"புதுசுக்கு எங்கையாவது காசு தேடுவம். அதைக் குடுக்காமல் எடுத்துக்கொண்டு வாங்கோ."

படிவத்தில் ஒப்பமிடாமலே திருப்பிக் கொடுத்தோம். "ஃப்ரீயாய் வாறதை வேண்டாமெண்டு போற முதல் ஆள் நீங்கள்தான் சேர்" என்றார் இளைஞர். 16,000 ரூபாவுக்குப் புதிய வன்தட்டு ஒன்றை அக்கடையிலேயே வாங்கினோம். அதற்கும் ஓர் உத்தரவாதப் பத்திரம் தந்தார்கள்.

கிளிநொச்சியிலே, பிரதான வீதியினின்று சற்று உள்ளே, கைப்பேசிகளும் கணினிகளும் திருத்தும் சிறு கடை ஒன்று உண்டு. பத்தடிக்குப் பத்தடி அறை. ஒரு மேசை, ஒரு பற்றாசுக் கோல், ஒரு பன்மானி, குவிந்த பழைய உறுப்புகள். அதனை நடத்துபவர் முப்பது வயதளவான ஓர் இளைஞர். வன்தட்டை அவரிடம் கொடுத்து உள்ளது உள்ளபடி கூறினோம். அவர் கேட்ட முதற் கேள்வி, "சுத்துற சத்தம் வந்ததோ, டிக் டிக்கெண்டு தட்டுற சத்தம் வந்ததோ, ஒண்டுமே இல்லையோ?" என்பது. ஒன்றுமே இல்லை என்றோம். "அப்ப நல்லது" என்றார்.

சத்தமின்மை எவ்வாறு நன்றாகும்? வன்தட்டினுள்ளே கண்ணாடி போற் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேலே, தலைமயிரின் தடிப்பினும் பல ஆயிரம் மடங்கு சிறிய இடைவெளியில், எழுத்தைப் படிக்கும் முனை மிதந்து செல்கின்றது. டிக் டிக் என்ற ஓசை கேட்பின் அம்முனை கெட்டிருத்தல் கூடும். தட்டிலும் கீறல் விழுந்திருக்கலாம். அதைத் திறப்பதற்குத் தூசற்ற தனி அறை வேண்டும். செலவும் மிகப் பெரிது. அறவே அசைவில்லையாயின் குற்றம் உள்ளே இல்லாது, அடிப்புறத்திலே திருகாணியாற் பூட்டியிருக்கும் பச்சைப் பலகையில் இருக்கவும் கூடும்.

அவர் பலகையைக் கழற்றிப் பன்மானியின் இரு முனைகளையும் அங்குமிங்கும் வைத்துப் பார்த்தார். அரிசிமணியினும் சற்றுப் பெரிய கறுப்பு உறுப்பு ஒன்றிலே முனை பட்டதும் மானி கீச்சிட்டது. அஃது ஒரு டயோட். வன்தட்டுக்கு 5 வோல்ற், 12 வோல்ற் என இரண்டு வழியில் மின்சாரம் வருகின்றது. வழிக்கு ஒன்றாக அத்தகைய டயோட்டை வைத்திருப்பார்கள். அளவு மீறிய மின்னழுத்தம் வரும்போது அது தன்னைக் குறுக்கே கொடுத்து, மின்சாரத்தை நிலத்துக்குத் திருப்பி, அப்பாலுள்ள உறுப்புகளைக் காக்கும். மீறல் பெரிதாயின் தான் அழியும். பல்லி புகுந்த மின்வழங்கி 12 வோல்ற் வழியிலே எதை அனுப்பிற்றோ, அதை இந்தத் துகள் வாங்கிக்கொண்டது.

"இது செத்துத்தான் மற்றதுகளைக் காப்பாத்தியிருக்கு சேர். இதை எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஓடும். ஆனால் பிறகு பாதுகாப்பு இல்லை. ஒருக்கால் மட்டும் ஓடவிட்டுக் கொப்பி எடுத்திட்டு விட்டிடவேணும்."

பற்றாசுக் கோல் பட்டால் நீடித்த உத்தரவாதம் அக்கணமே முடிந்துவிடும் என்பதையும் அவர் நினைவூட்டத் தவறவில்லை. எடுக்கச் சொன்னோம்.

எடுத்தார். பலகையை மீளப் பூட்டி, தமது சொந்த மின்வழங்கியில் இணைத்தார். மெல்லிய இரைச்சலோடு தட்டுகள் சுழலத் தொடங்கின. திரையிலே கோப்புகளின் பட்டியல் விரிந்தது. ஒழுங்காகத் திறக்கின்றதா என்று பார்ப்பதற்காக, அவர் கைக்கு அகப்பட்ட ஒன்றைச் சொடுக்கினார்.

"எடி பிள்ளை, உதைப் போட்டிட்டியோ? நான் கதைக்கட்டோ?"

முச்சக்கர வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே எமது தாயாரின் குரல் அந்தச் சிறு கடையை நிறைத்தது. இளைஞர் அதை நிறுத்தக் கையை எடுத்தார். பின்னர் நிறுத்தாமலே விட்டார். தற்செயலாக அது இடம்பெயர்வைப் பற்றிய பதிவாக அமைந்துவிட்டது. தருமபுரத்தில் இருந்த பள்ளிக்கூடம், விசுவமட்டில் வாங்கிய தறப்பாள், உடையார்கட்டுக்கு உழவு இயந்திரப் பெட்டியில் போன இரவு என்று குரல் சென்றுகொண்டே இருந்தது. வள்ளிபுனம் என்ற பெயர் வந்ததும் அவர் திரையைப் பார்த்தபடியே, "நாங்களும் அங்க ஒன்பது நாள் இருந்தனாங்கள் சேர். எனக்கு அப்ப பதின்நாலு வயசு" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பிரதி எடுக்கும் பச்சைக் கோடு நகர்ந்து முடியும் வரை இருவரும் இருந்து கேட்டோம்.

கூலி 2,500 ரூபா. கையால் எழுதிய பற்றுச்சீட்டு ஒன்றைக் கிழித்துத் தந்தார். பழக்க தோஷத்தால், இதற்கு எவ்வளவு காலம் உத்தரவாதம் என்று வினவினோம்.

"உதுக்கு நான் வொறன்ரி தரேலாது சேர். இண்டைக்கே இன்னும் ரெண்டு இடத்தில கொப்பி எடுத்து வையுங்கோ."

அன்றிரவு மகள் பதினேழு பதிவுகளையும் ஒரு நினைவகக் குச்சியிலும், இன்னொரு வெளி வன்தட்டிலும் பதிந்தாள். ரொறன்ரோவிலுள்ள எமது தங்கைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினாள். இணைய வேகம் குறைவாக இருந்தமையால் கடைசிப் பதிவு சென்று சேர இரவு இரண்டு மணி ஆயிற்று. நல்ல வேளை, அதுவரை மின்சாரம் நிற்கவில்லை.